வக்கீல் கேஸ் கட்டை தர மாட்டேங்கிறார், எங்களுக்கு எதிரா எக்ஸ்பார்ட்டி (எங்க தரப்பைக் கேக்காமலே தீர்ப்பு) ஆயிடுச்சு – பார் கவுன்சில்ல புகார் குடுத்தா பிரயோஜனம் உண்டா?

சமையக்கட்டு_ஜன்னல்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்கு எழுத வேண்டிய நிலைமை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க ப்ளீஸ்.

அம்மா பேர்ல ஊர்ல 11 சென்ட் மனை, தாத்தா வாங்கினது, அதுல வீடு கட்டி அம்மா இப்பவும் அங்கதான் இருக்காங்க. 2021ல பக்கத்து மனைக்காரர் அதுல 4 சென்ட் தன்னோடதுன்னு கேஸ் போட்டார். அந்த 4 சென்ட்லதான் எங்க சமையக்கட்டும் போர்வெல்லும் இருக்கு. சம்மன் வந்த வாரமே அம்மா ஒரு வக்கீலைப் பாத்து வக்காலத்துல கையெழுத்து போட்டாங்க, தாய்ப்பத்திரம் ஒரிஜினலையும் அவர்கிட்டயே குடுத்துட்டாங்க, செராக்ஸ் கூட எடுக்கல. அப்பா இல்ல, நான் வெளியூர்ல வேலை, அம்மாதான் பஸ் ஏறி ஏறி போய் வந்தாங்க. ஃபீஸ் மட்டும் இதுவரை 45 ஆயிரம் போயிருக்கு, பாதி கையில, பாதி நான் ஜிபேல போட்டது. அது இல்லாம போன வருஷம் "கோர்ட்ல டெபாசிட் கட்டணும்"னு 80 ஆயிரம் வாங்கினார், ரசீது கேட்டதுக்கு கட்டுல இருக்குன்னார்.

எப்ப கேட்டாலும் வாய்தா போட்டிருக்கு, ஜட்ஜ் லீவு, அடுத்த மாசம் வாங்க, இதேதான். 12 நாளைக்கு முன்னாடி கோர்ட் அமீனா வீட்டுக்கு வந்து நிக்கறார். அப்பதான் தெரியுது, எங்க தரப்புல பதிலே தாக்கல் பண்ணல, எக்ஸ்பார்ட்டி டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) ஆகி எட்டு மாசம் ஆச்சு, அவங்க இடத்தை எடுக்க இ.பி. (டிகிரியை நிறைவேத்தற மனு) போட்டுட்டாங்க. அந்த எட்டு மாசத்துலயும் அடுத்த வாய்தா தேதின்னு அவர் எனக்கு வாட்ஸ்அப் பண்ணியிருக்கார்! போன்ல கேட்டா "குமாஸ்தா தப்பு, சரி பண்ணிடலாம்"னார், வேற வக்கீல் பாத்துக்கறோம்னு சொன்னதும் கட்டு வேணும்னா பாக்கி ஃபீஸ் 40 ஆயிரம் வைங்கன்னுட்டார். அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல, நான் கையெழுத்து போட்டதாலதான் வீடு போச்சுன்னு அழறாங்க.

ஊர்ல மூணு வக்கீல்கிட்ட போனோம், அவர் பேரைச் சொன்னதும் "ஒரே பார்ல (வக்கீல் சங்கத்துல) இருக்கோம், வேற யாரையாவது பாருங்க"ங்கறாங்க. பார் கவுன்சில்ல புகார் குடுத்தா டிகிரி ரத்தாகுமா? பணம் வருமா? இல்ல நாங்க அலைஞ்சதுதான் மிச்சமா?

ரயில்_ஸ்நேகம்:

படிக்கவே கஷ்டமா இருக்குங்க. நேரா கன்ஸ்யூமர் கோர்ட் போங்க, சேவைக் குறைபாடுன்னு போட்டா நஷ்டஈடு கிடைக்கும். எங்க சித்தப்பா ஒரு பில்டர் மேல போட்டு வாங்கினார்.

சிவில்_சைடு:

நான் 17 வருஷமா தாலுகா கோர்ட்ல ப்ராக்டீஸ் பண்றேன், உங்க மாவட்டம் இல்ல. எங்க தொழில்ல இப்படி ஒருத்தர் பண்ணினதைப் படிக்கறப்ப வெக்கமாவும் இருக்கு, கோபமாவும் இருக்கு.

முதல்ல மேல சொன்ன கன்ஸ்யூமர் கோர்ட் விஷயம். அந்த வழி மூடியாச்சு. 2024 மே 14ம் தேதி சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, வக்கீலோட சேவை நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வராதுன்னு. அங்க போய் ஒரு நாளைக் கூட வீணாக்காதீங்க.

இப்ப உங்க கேள்வி. பார் கவுன்சில் உங்க டிகிரியைத் தொடவே தொடாது. வக்கீல் சட்டம் 1961, பிரிவு 35ல ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்ன பண்ணலாம்னு இருக்கு. புகாரைத் தள்ளுபடி பண்ணலாம், கண்டிக்கலாம், கொஞ்ச காலம் ப்ராக்டீஸ் பண்ணக் கூடாதுன்னு சஸ்பெண்ட் பண்ணலாம், இல்ல பேரையே வக்கீல் பட்டியல்ல இருந்து எடுக்கலாம். அவ்வளவுதான் அதோட அதிகாரம். அவரோட சன்னதை, அதாவது வக்கீல் லைசென்ஸைப் பத்தின விசாரணை அது, உங்க சமையக்கட்டைப் பத்தினது இல்ல. அதனால புகார் எழுத உக்காரறதுக்கு முன்னாடி வீட்டைக் காப்பாத்துங்க.

எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து பண்ண சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 9 ரூல் 13னு இருக்கு. 30 நாளுக்குள்ள மனு போடணும். நிறைய பேர் தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாள்னு நெனச்சு ஏமாந்துடறாங்க, அது சம்மனே ஒழுங்கா கைக்கு வந்து சேராதவங்களுக்கு. உங்க அம்மா சம்மன் வாங்கி வக்காலத்தும் போட்டுட்டாங்க, அதனால டிகிரி தேதியில இருந்தே கணக்கு, ஏற்கனவே ஏழு மாசம் லேட். கூடவே லிமிடேஷன் (காலவரம்பு) சட்டம் பிரிவு 5ல தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, இ.பி.க்கு ஸ்டே கேட்டு ஒரு மனு போடணும். அமீனா வந்து போன அப்புறம் நீங்க சும்மா இருக்கற ஒவ்வொரு நாளையும் "தெரிஞ்ச பிறகும் ஏன் வரல"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். இப்பவே 12 நாள் போச்சு.

நம்பிக்கை இல்லாம இல்ல. வக்கீலை வச்சு, பணம் கட்டி, நம்பிட்டு ஊர்ல இருக்கற கட்சிக்காரர் வக்கீலோட தப்புக்கு ஏன் தண்டனை அனுபவிக்கணும்னு 1981லயே ரஃபீக் எதிர் முன்ஷிலால் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதுக்காக எல்லாத்தையும் வக்கீல் தலையில போட்டா கோர்ட் ஏத்துக்கும்னு இல்ல, வேற கேஸ்கள்ல மறுத்தும் இருக்காங்க. உங்ககிட்ட டிகிரிக்கு அப்புறமும் வாய்தா தேதி சொன்ன வாட்ஸ்அப் இருக்கே, தங்கச்சி, அது தங்கம். தாமத மனுவுக்கும் அதுதான் சாட்சி, பார் கவுன்சில் புகாருக்கும் அதுதான் சாட்சி. போனை மாத்தாதீங்க, சாட்டை அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலில ரெண்டு பேருக்கு அனுப்பி வைங்க. கோர்ட்ல போடறப்ப எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கான புது சாட்சியச் சட்டம் பிரிவு 63 சர்டிஃபிகேட் வேணும், பழைய 65பி தான் அது, புது வக்கீல் பாத்துப்பார்.

கட்டைப் பத்தி. ஃபீஸ் பாக்கின்னு கட்டைப் பிடிச்சு வைக்க எந்த வக்கீலுக்கும் உரிமை கிடையாது. இது என் அபிப்பிராயம் இல்ல, 2000ல ஆர்.டி.சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா தீர்ப்பு. ஒரு கூட்டுறவு பேங்க்கோட கேஸ் கட்டுகளை அவங்க வக்கீல் 97,100 ரூபா பாக்கின்னு குடுக்காம வச்சுக்கிட்டார். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அவரை 18 மாசம் ப்ராக்டீஸ் பண்ணக் கூடாதுன்னு சொல்லி ஆயிரம் ரூபா அபராதமும் போட்டுச்சு. சுப்ரீம் கோர்ட் தண்டனையை வெறும் கண்டனமா குறைச்சுடுச்சு, ஏன்னா அதுவரைக்கும் அந்த சட்டம் தெளிவா இல்லன்னு. ஆனா கட்டைத் திருப்பிக் குடுக்காம வைக்கறது தொழில் ஒழுங்கீனம்னு அன்னியோட தெளிவாயிடுச்சு. ஃபீஸ் பாக்கின்னா அவர் தனியா கேஸ் போட்டு வாங்கட்டும், பத்திரத்தை அடகு மாதிரி வைக்க முடியாது.

இன்னிக்கே அம்மா பேர்ல ரிஜிஸ்டர் தபால் அனுப்புங்க (2025ல அதை ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க, ஸ்பீட் போஸ்ட்ல ரிஜிஸ்ட்ரேஷன் வசதி கேளுங்க), டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சியோட. கட்டு, தாய்ப்பத்திரம், 80 ஆயிரத்துக்கு கணக்கு, ஏழு நாள் டைம். திட்டாதீங்க, மிரட்டாதீங்க, நாலு வரி போதும்.

கருவேலங்காடு:

சிஸ்டர், நான் இதே மாதிரி அடிபட்டவன், வேற ஸ்டேட், ஊர் பேர் வேணாம். ரோடு போட எங்க நிலத்தை எடுத்தாங்க, நஷ்டஈட்டுப் பணத்தை வக்கீலே எடுத்துட்டு பாதிதான் குடுத்தார், மீதி சர்க்கார் பிடிச்சுக்கிச்சுன்னார். நான் நேரா புகார்தான் குடுத்தேன், அதைச் சொல்லத்தான் எழுதறேன், ஏன்னா யாரும் எனக்குச் சொல்லல இதெல்லாம்.

குடுத்த உடனே கூப்பிட மாட்டாங்க, முதல்ல அவருக்கு நோட்டீஸ் போகும், அவர் பதில் குடுப்பார், அந்தப் பதில்ல நாம திருடன் மாதிரி எழுதியிருக்கும், மனசு விட்டுடாதீங்க. அப்புறம்தான் இதுல விசாரிக்க விஷயம் இருக்கான்னு பாத்து மூணு பேர் குழுவுக்கு அனுப்புவாங்க. மூணு பேருமே வக்கீல்தான், எனக்கு முதல்ல அதுவே பயமா இருந்துச்சு, ஆனா அதுல ஒருத்தர் கேட்ட கேள்வி நான் கேக்க நெனச்சதை விட கூர்மையா இருந்துச்சு. அது கோர்ட் மாதிரிதான் நடக்கும், சத்தியப் பிரமாணம், டாக்குமென்ட் மார்க் பண்றது, அவர் வக்கீல் என்னை ரெண்டு மணி நேரம் குறுக்கு விசாரணை பண்ணினார். வாய்தா வாய்தான்னு ஒரு வருஷம் ஓடிடுச்சு, ஒரு வருஷத்துல முடிக்கலன்னா வக்கீல் சட்டம் பிரிவு 36பி படி ஃபைல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போயிடும், என்னோடது போச்சு, டெல்லிக்கு மூணு தடவை ட்ரெயின் ஏறினேன், ஒரு தடவை போய் இறங்கின அன்னிக்குத்தான் தள்ளி வச்சுட்டாங்கன்னு தெரிஞ்சது.

நடுவுல அவர் ஆள் விட்டு பணத்தைத் தரேன் வாபஸ் வாங்குன்னார். நான் வாங்கிட்டேன், பொய் சொல்ல மாட்டேன், அப்ப தங்கச்சி கல்யாணம். ஆனா குழுவுல போய் சமாதானம் ஆயிடுச்சுன்னு சொன்னப்ப அவங்க கேஸை மூடல, கட்சிக்காரர் வாபஸ் வாங்கினார்ங்கிறதுக்காக மட்டும் புகாரை விட முடியாதுன்னு ரூல் இருக்காம். கடைசில ஆறு மாசம் சஸ்பென்ஷன். கம்மிதான்னு எனக்கு இப்பவும் தோணுது. ஆனா அவர் ஆஃபீஸ்ல அந்த ஆறு மாசம் போர்டு இல்ல, அதை எங்க அப்பா பஸ்ல போறப்ப பாத்துட்டு வந்து சொன்னார்.

புது_கறுப்புகோட்டு:

நானும் அட்வகேட்தான், நாலு வருஷம் ஆச்சு. ஒரு விஷயம் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க தோழி. கேஸ் தோத்ததோ, பதிலுரை தாக்கல் பண்ணாம விட்டதோ தானாவே ஒழுங்கீனம் ஆயிடாது. வெறும் கவனக்குறைவு வேற, நேர்மை இல்லாத நடத்தை வேறன்னு சுப்ரீம் கோர்ட் பல காலமா பிரிச்சுப் பாக்குது. நாங்களும் பாக்கறோம், நாலு தடவை போன் பண்ணியும் கையெழுத்து போட வராத கட்சிக்காரர், கேஸ் போனதும் வக்கீல் மேல புகார் எழுதறது நடக்குது. குழுவுல இருக்கறவங்களுக்கும் அது தெரியும், அதனால சாட்சி பலமா இருக்கணும்னு பாப்பாங்க, ஒருத்தரோட பிழைப்பையே எடுக்கற விசாரணை இல்லையா.

அதனால புகாரை "என் கேஸை கெடுத்துட்டார்"னு ஆரம்பிக்காதீங்க. உங்ககிட்ட மூணு விஷயம் ரொம்ப உறுதியா இருக்கு, டிகிரி ஆனதை மறைச்சு பொய் தேதி சொன்னது, கட்டைப் பிடிச்சு வச்சு பணம் கேட்டது, 80 ஆயிரத்துக்கு கணக்கு இல்லாதது. இந்த மூணையும் தேதி போட்டு எழுதுங்க. பார் கவுன்சில் விதிகள்லயே கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு எழுதி வைக்கணும், எது ஃபீஸ் எது செலவுன்னு தனியா காட்டணும், கேட்டா நகல் குடுக்கணும்னு இருக்கு. அந்த 80 ஆயிரம் நிஜமாவே கோர்ட்ல கட்டினதான்னு முதல்ல பாருங்க, கட்டலன்னா அது சின்ன விஷயமே இல்ல.

சிவில்_சைடு:

தம்பி சொன்னது சரி. பணத்தை சுப்ரீம் கோர்ட் எப்படிப் பாக்குதுன்னு ஒண்ணு சொல்றேன், 2002, ஹரீஷ் சந்திர திவாரி எதிர் பைஜு. பைஜு வயசானவர், ஏழை, எழுதப் படிக்கத் தெரியாது, நிலம் எடுத்ததுக்கு கோர்ட்ல கட்டியிருந்த பணம் 8,118 ரூபா. வக்கீல் அதை எடுத்துட்டு சொல்லவே இல்ல. புகார் வந்ததும் பைஜு சமாதானம் ஆயிட்டார்னு ஒரு அஃபிடவிட்டைக் காட்டினார், பைஜு அது என்னோடது இல்லன்னுட்டார். பார் கவுன்சில் மூணு வருஷம் சஸ்பெண்ட் பண்ணுச்சு. வக்கீல் சும்மா இருந்திருந்தா மூணு வருஷத்தோட போயிருக்கும், அப்பீல் போனார், சுப்ரீம் கோர்ட் இந்தத் தண்டனை பத்தாதுன்னு சொல்லி பேரையே பட்டியல்ல இருந்து எடுத்துடுச்சு. எட்டாயிரம் ரூபாதான். கட்சிக்காரர் பணத்துல கை வைக்கற வக்கீலைப் பத்தி என்கிட்ட ஜூனியரா சேர்ற பசங்களுக்கு நான் சொல்ற முதல் தீர்ப்பு இதுதான்.

பணத்தை வாங்க பார் கவுன்சில் வசூல் பண்ற இடம் இல்ல, அதுக்கு தனியா சிவில் கேஸ் போடணும். டெபாசிட்னு வாங்கி கட்டவே இல்லன்னு உறுதியானா நம்பிக்கை மோசடி, பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, புது குற்றவியல் சட்டம்) பிரிவு 316, போலீஸ்லயும் புகார் குடுக்கலாம். ரெண்டும் பார் கவுன்சில் புகாரும் ஒண்ணை ஒண்ணு தடுக்காது.

சமையக்கட்டு_ஜன்னல்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நான் புகார் குடுத்தா எல்லாம் சரியாயிடும்னுதான் நெனச்சிருந்தேன், 30 நாள் கணக்கு தெரியவே தெரியாது. ரெண்டு கேள்வி. யாரும் வக்காலத்து போட மாட்டேங்கறாங்களே, பழைய வக்கீல் கையெழுத்து இல்லாம புது வக்கீல் வரவே முடியாதுன்னு ஒருத்தர் சொன்னார், நிஜமா? அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, புகாரை நான் என் பேர்ல எழுதலாமா? அவர் பேரை இங்க போடலாமா, வேற யாரும் ஏமாறக் கூடாதுன்னு தோணுது.

சிவில்_சைடு:

பேரை இங்க போடாதீங்க. இப்ப நியாயம் உங்க பக்கம் இருக்கு, அவதூறுன்னு ஒரு கேஸை அவருக்கு நீங்களே எடுத்துக் குடுக்க வேணாம்.

ஒரு வக்கீல் வக்காலத்து இருக்கற கேஸ்ல இன்னொருத்தர் அவர் சம்மதம் இல்லாம வரக் கூடாதுன்னு விதி இருக்கறது உண்மை. ஆனா அதே விதியில, சம்மதம் தரலன்னா காரணத்தைச் சொல்லி கோர்ட் அனுமதி வாங்கி வரலாம்னும் இருக்கு. அம்மா கையெழுத்தோட பழைய வக்காலத்தை ரத்து பண்ண அனுமதி கேட்டு மனு போடலாம், ரிஜிஸ்டர் தபால் நகலை அதோட வச்சா போதும்.

உள்ளூர்ல ஆள் கிடைக்கலன்னா கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆஃபீஸ் இருக்கும், தாலுகாலயும் குழு உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் 1987 பிரிவு 12 அப்படித்தான் சொல்லுது. அம்மா நேர்ல போய் மனு குடுக்கட்டும், அவங்க வக்கீல் நியமிப்பாங்க. 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். இல்லன்னா பக்கத்து ஊர் பார்ல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, தமிழ்நாட்டுல பதிவான வக்கீல் எந்த தாலுகா கோர்ட்லயும் வாதாடலாம்.

புகார் தமிழ்லயே குடுக்கலாம், மாநில மொழியில குடுக்க விதியே இருக்கு, டெல்லிக்குப் போற கட்டம் வந்தா மொழிபெயர்க்கறது பார் கவுன்சில் வேலை. கட்சிக்காரர் அம்மாதான், அதனால அம்மா பேர்ல, அம்மா கையெழுத்தோட, கோர்ட் மனு மாதிரி கடைசில சரிபார்ப்பு வாசகம் போட்டு இருக்கட்டும், நீங்க சாட்சி. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை ஹைகோர்ட் வளாகத்துல இருக்கு, கட்டணம் எவ்வளவு, எத்தனை நகல்னு ஆஃபீஸ்ல கேட்டுட்டு அனுப்புங்க. அங்க தள்ளுபடி ஆனாலும் 60 நாளுக்குள்ள பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு அப்பீல் இருக்கு, அதுக்கு மேல சுப்ரீம் கோர்ட். 2021 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் இந்தப் புகார்களை ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு கண்டிச்சும் இருக்கு, தம்பி கருவேலங்காடு பட்ட பாடு உங்களுக்கும் வரும்னு இல்ல.

ஓய்வுபெற்ற_சிரஸ்தார்:

நான் 31 வருஷம் கோர்ட்ல வேலை பாத்தவன்மா. கட்டு கிடைக்கலன்னு பயப்படாதே, வக்கீல்கிட்ட இருக்கறது நகல்தான், அசல் கட்டு கோர்ட்ல இருக்கு. இ-கோர்ட்ஸ் ஆப்ல 16 எழுத்து சிஎன்ஆர் நம்பர் (கேஸோட அடையாள நம்பர்) போட்டா எந்தெந்த தேதி என்ன நடந்ததுன்னு முழுசா வரும், நம்பர் தெரியலன்னா அம்மா பேரைப் போட்டுத் தேடு. அந்தத் தேதிகளையும் வாட்ஸ்அப் தேதிகளையும் ஒரு வெள்ளைத் தாள்ல பக்கத்துல பக்கத்துல எழுது. நான் பாத்த வரைக்கும் ஜட்ஜ் கையில அப்படி ஒரு தாள் போனா பத்து பக்க அஃபிடவிட்டை விட சீக்கிரம் புரியும்.

அப்புறம் நகல் மனு போடு. பிராது (அவங்க போட்ட வழக்கு மனு), தீர்ப்பு, டிகிரி, குறிப்புத் தாள் (ஒவ்வொரு வாய்தாலயும் நடந்ததை எழுதற தாள்) நகல், இ.பி. மனு நகல் இது அஞ்சும் கேளு. டெபாசிட் கட்டியிருந்தா கோர்ட் கணக்குல பதிவு இருக்கும், உங்க வழக்கு நம்பர்ல எதுவும் கட்டலன்னா அதையும் எழுத்துல கேட்டு வாங்கு. தாய்ப்பத்திரம் பதிவு ஆனதுதானே, சார்பதிவாளர் ஆஃபீஸ்ல சான்றிட்ட நகல் கிடைக்கும், வில்லங்கச் சான்றும் சேர்த்து எடுத்துடு. அம்மாவை நேர்ல கூட்டிட்டுப் போ, கட்சிக்காரரே வந்து கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல முடியாது.

சமையக்கட்டு_ஜன்னல்:

ஐயா, நீங்க சொன்ன மாதிரி ஆப்ல பாத்தேன். டிகிரிக்கு அப்புறம் அவர் எனக்கு அனுப்பின வாய்தா தேதி அஞ்சு, அஞ்சுமே ஆப்ல இல்ல, ஒரு தேதி ஞாயித்துக்கிழமை. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், அப்ப நான் ஒண்ணும் தப்பு பண்ணலயான்னு கேட்டாங்க, இல்லம்மான்னு சொன்னேன், அப்புறம்தான் சாப்பிட்டாங்க. ரிஜிஸ்டர் தபால் எழுதியாச்சு, காலைல போஸ்ட் ஆஃபீஸ். நான் மூணு நாள் லீவு போட்டிருக்கேன், தபால் போட்டுட்டு நேரா சட்டப் பணிகள் ஆஃபீஸ் போறோம். புகார் அதுக்கு அப்புறம்தான் அண்ணா, ஆனா கண்டிப்பா குடுப்பேன், சமாதானத்துக்கு ஆள் வந்தாலும் குடுப்பேன்.

ஓய்வுபெற்ற_சிரஸ்தார்:

நகல் மனு காலைலயே குடுத்துடுமா, அவசர நகல்னு மேல எழுதிக் குடு. அம்மா ஆதார் செராக்ஸ் ரெண்டு எடுத்துக்கோ. சட்டப் பணிகள் ஆஃபீஸ்ல இ.பி. அடுத்த தேதி என்னன்னு முதல்ல சொல்லு, அந்தத் தேதிக்கு முன்னாடி ஸ்டே மனு உள்ள போயிருக்கணும்.